ஆனெகுந்தில தங்கலாமா, இல்ல ஹம்பிலேருந்து ஒரு எட்டு போய்ட்டு வந்தா போதுமா?

சாரல்_மழை:
எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 15 லீவை ஒட்டி ஹம்பி பக்கம் போலாம்னு வீட்ல பேச்சு ஓடுது. சென்னைலேருந்து நான், வீட்டுக்காரர், ஆறாவது படிக்கிற பையன், மாமியார். மாமியாருக்கு முட்டிவலி உண்டு, ஆனா நவ பிருந்தாவனம் பாக்காம திரும்பமாட்டேன்னு இப்பவே சொல்லிட்டாங்க. பெங்களூர்லேருந்து என் தம்பி வந்து சேந்துக்குவான், அவனுக்கு பாறை ஏறணும், கோயில் குளம் எதுவும் வேண்டாம். பையனுக்கு பரிசல். எனக்கு எங்கயாச்சும் சத்தமில்லாம ஒரு கிராமத்துல காலைல காப்பி குடிச்சுட்டு உக்காந்தா போதும். ஹம்பில தங்காம ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆனெகுந்தில தங்கினா இது எல்லாமே அங்கயே நடக்கும்னு ஆபீஸ்ல ஒரு கன்னடக்கார ஃப்ரெண்ட் சொன்னா. நெட்ல தேடினா எல்லாரும் ஹம்பி பத்தியே எழுதியிருக்காங்க, ஆனெகுந்திக்கு கடைசில ரெண்டு வரிதான். நெசமாவே தங்குற அளவுக்கு அங்க விஷயம் இருக்கா? போனவங்க சொல்லுங்க.

மதுரக்காரன்_77:
தங்குற அளவுக்கெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். ஹம்பில ரூம் போடுங்க, ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் போங்க, அனுமார் மலை ஏறுங்க, இறங்குங்க, வந்துருங்க. ஊருக்குள்ள நாலு இடிஞ்ச மண்டபம், ஒரு கோயில், ஒரு தேர், அம்புட்டுதேன்.

கோவை_புல்லட்:
ஏனுங்க மதுரை, அப்படிச் சொன்னா எப்படிங்க. நான் பைக்குல ஆகஸ்ட் மாசம்தானுங்க போனேன், தும்கூர் சித்ரதுர்கா வழியா ரோடு அருமையா இருந்துச்சு. பெங்களூர்லேருந்து ஹம்பிக்குப் பக்கத்து டவுன் ஹோஸ்பேட் கிட்டத்தட்ட 340 கிலோமீட்டருங்க. அந்த சீசன்ல அந்தப் பக்கம் பூரா நாத்து நட்ட வயலுங்க, பச்சைன்னா பச்சை அப்படியொரு பச்சை, நடுவுல வாழைத்தோட்டம், அதுக்குப் பின்னால குமிச்சு வெச்ச மாதிரி பாறை. வெயிலும் இல்ல. கங்காவதி அரிசின்னு நாம கடைல வாங்குறோமே அது விளையிற மண்ணு அதுதானுங்க. சைக்கிள் வாடகைக்கு எடுத்து கால்வாய் ஓரமா போனீங்கன்னா பையன் திரும்பி வரவே மாட்டானுங்க. மேடம் தாராளமா ஆகஸ்ட்டுல போங்க.

மந்த்ராலய_மாமி:
நான் கும்பகோணம் பக்கம், எங்காத்துல எல்லாரும் ராயர் மடத்துக்காரா. பிருந்தாவனம்னு பேச்சு வந்ததால எழுதறேன். கோவைத் தம்பி சொல்றதை நம்பி மாமியாரை ஆகஸ்ட்ல அழைச்சுண்டு போகாதேங்கோ. நவ பிருந்தாவனம் ஊருக்குள்ள இல்லை, துங்கபத்ரா நடுவுல ஒரு தீவு. கரைலேருந்து படகுலயோ பரிசல்லயோதான் போகணும். அணைலேருந்து தண்ணி திறந்துட்டான்னா படகு கிடையாது, போலீஸ் கரையிலயே நிறுத்திடுவா. கரைல நின்னு தூரத்துலேருந்து கையெடுத்துக் கும்பிட்டுட்டு அழுதுண்டே திரும்பினவா எத்தனையோ பேர். உங்க மாமியார் வயசுக்கு இன்னொரு தடவை வரமுடியுமோ முடியாதோ, அதை யோசியுங்கோ.

அங்க ஒன்பது மத்வ மகான்களோட பிருந்தாவனம், அதாவது சமாதி, இருக்கு. மத்வாசாரியாரோட நேர் சிஷ்யர் பத்மநாப தீர்த்தர்ல ஆரம்பிச்சு, கிருஷ்ணதேவராயருக்கே குருவா இருந்த வியாசராஜர், அப்புறம் சுதீந்திர தீர்த்தர். இந்த சுதீந்திரர்தான் நம்ம ராகவேந்திர சுவாமிக்கு சந்நியாசம் கொடுத்த குரு. ராயர் பிறந்தது நம்ம புவனகிரி, பீடம் ஏறினதெல்லாம் தஞ்சாவூர் கும்பகோணம். அதனாலதான் தமிழ்நாட்டுலேருந்து இவ்ளோ பேர் அங்க போறா. 2019 ஜூலைல வியாசராஜர் பிருந்தாவனத்தை புதையல் தேடி எவனோ பாவிகள் உடைச்சுப் போட்டான். சேதி கேட்டு பல மடத்து பக்தாளும் ஓடிவந்து கையோட கல்லை அடுக்கி திரும்பக் கட்டினா. இப்ப போனா நன்னா இருக்கு.

கோவை_புல்லட்:
மாமி சொல்றது சரிங்க, நான் போனப்ப பிருந்தாவனத்துக்கு படகு ஓடலைங்கதான். ஆனா நமக்கு அது நோக்கமில்லீங்களே, ரோட்டுல போறதுதான் சொகம்.

கல்லுளிமங்கன்:
மதுரக்காரருக்கு முதல்ல ஒரு பதில் சொல்லிட்டு வரேன். நாலு இடிஞ்ச மண்டபம்னு சொன்னீங்களே, ஹம்பில நாம பாக்குறது 1565 தலைக்கோட்டை சண்டைக்கப்புறம் காலியான ஊரு, அங்க இருக்கிறது பெரும்பாலும் கல்லும் டிக்கெட் கவுண்ட்டரும்தான். ஆனெகுந்தி அப்படி இல்ல. அது ஹம்பிக்கு முந்தியே இருந்த ஊரு, ஹம்பி போன பிறகும் இன்னிக்கு வரைக்கும் ஆள் குடியிருக்கிற ஊரு. 1327ல முகமது பின் துக்ளக்கோட படை கம்பிலி ராஜாவைத் துரத்தி அழிச்ச கதையை இப்னு பதூதா எழுதி வெச்சிருக்கார், அந்தக் கதையோட களம் இந்த வட்டாரம்தான். அப்புறம் ஹரிஹரர் புக்கர் வந்து, 1336னு பரம்பரையா சொல்லுவாங்க, முதல்ல கால் ஊனினது இந்த வடகரையில. தென்கரைல விஜயநகரம் பெருசா வளந்தது அதுக்கப்புறம். 1520 வாக்குல வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், இதைப் பழைய தலைநகரம்னும், இப்ப அங்க சனம் கம்மின்னும் எழுதுறார். அதாவது கிருஷ்ணதேவராயர் காலத்துலயே இது பழைய ஊரு!

இன்னொண்ணு, விஜயநகரத்தோட கடைசி வம்சம் அரவீடு, அவங்க வழிவந்த குடும்பம் இன்னும் ஆனெகுந்தியைத்தான் தங்களோட ஊர்னு சொல்லுது. ரங்கநாதர் கோயில், எதிர்ல ககன் மஹால்னு ஒரு சின்ன அரண்மனை, அதைச் சுத்தி வீடு, டீக்கடை, ஆடு, பள்ளிக்கூடத்துப் பசங்க. ஹம்பி பஜார் தெருவுல குடியிருந்த சனங்களை 2011ல காலி பண்ணி அனுப்பினாங்களே, அதுக்கப்புறம் அந்தத் தெருவைப் பாத்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கும். இங்க அந்த வெறுமை இல்ல.

ஊருக்குள்ள ஆத்துப் பக்கமா ஹுச்சப்பய்யா மடம்னு ஒண்ணு இருக்கு, அதை மட்டும் விட்டுடாதீங்க. வெளிலேருந்து பாத்தா மாட்டுக்கொட்டாய்னு நினைச்சு தாண்டிப் போயிடுவீங்க. உள்ள கன்னங்கரேல்னு கடைஞ்செடுத்த தூண், சாளுக்கியர் பாணி, விஜயநகரத்துக்கும் முந்தின வேலை. கூரைல மங்கிப்போன ஓவியம். டார்ச் எடுத்துட்டுப் போங்க.

அப்புறம் ஆத்துல 64 கால் மண்டபம், கிருஷ்ணதேவராயர் சமாதின்னு ஊர்ல சொல்லுவாங்க, கல்வெட்டு ஆதாரம்னு கேட்டா நான் ஒத்துக்கமாட்டேன், ஆனா பாக்க அம்சமா இருக்கும். வெள்ளம் வந்தா வருஷா வருஷம் டிவில காட்டுவானே, தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்குற மண்டபம், அது இதுதான்.

மதுரக்காரன்_77:
அண்ணே நீங்க சொல்ற மாதிரி பாக்க தெரிஞ்சாத்தானே. நமக்கு கல்லைப் பாத்தா கல்லாத்தேன் தெரியுது. சரி அந்த மலைக்குப் பின்னால கோட்டை இருக்குன்னாங்களே அது என்ன?

கல்லுளிமங்கன்:
துர்கா பெட்டா. கீழ துர்கை கோயில், மேல ஏறினா வாலி கோட்டைன்னு ஊர்க்காரங்க சொல்ற பழைய கோட்டைச் சுவர், வாசல், குகை. பாறையையே சுவரா வெச்சு இடைவெளில மட்டும் கல்லடுக்கி மூடியிருக்கான், அதான் அந்தக் கோட்டையோட சூட்சுமம். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் பாறை, எவனாலயும் சுலபமா நுழைய முடியாது. ராமாயணக் கிஷ்கிந்தை இதுதான்னு நம்பிக்கை, அதனால தடுக்கி விழுந்தா ஒரு வாலி சுக்ரீவன் கதை. சிந்தாமணி மடத்துப் பக்கம் ஆத்தங்கரைல நின்னா ராமர் அம்பு விட்ட இடம்னு காட்டுவாங்க.

அஞ்சனாத்ரிக்கு 575 படி. அனுமார் பிறந்த இடம்னு இவங்க சொல்ல, 2021ல திருப்பதி தேவஸ்தானம் இல்ல எங்க திருமலை அஞ்சனாத்ரிதான்னு அறிக்கை விட, ரெண்டு பக்கமும் காரசாரமா வாதம் நடந்துச்சு. எனக்கு அதுல கருத்து கிடையாது, மேல நின்னா ஆறு வளைஞ்சு போறது, அக்கரைல விட்டல கோயில், வயல் எல்லாம் ஒரே பார்வைல விழும், அது போதும். குரங்கு ஜாக்கிரதை, கைல பை கவர் எதுவும் தொங்கக்கூடாது. மாமியார் ஏற வேண்டாம், பக்கத்துலயே பம்பா சரோவர் இருக்கு, வண்டி கிட்டயே போகும், அங்க லட்சுமி கோயில்ல உக்கார வெச்சுட்டு நீங்க மலை ஏறிட்டு வந்துடலாம்.

நீர்நாய்:
மேல எல்லாரும் கோயிலயும் கோட்டையயும் பேசிட்டீங்க, ஆத்தைப் பத்தி மாமி மட்டும்தான் பேசினாங்க. இந்த ஊர்ல என்ன செய்யலாம் செய்யக்கூடாதுன்னு முடிவு பண்றது நீங்க இல்ல, ஆறுதான், அதுவும் மேல இருக்கிற அணைதான். துங்கபத்ரா அணை 1953ல முடிஞ்சது, மொத்தம் 33 மதகு. தென்மேற்குப் பருவமழை மலைநாட்டுல அடிச்சு அணை ரொம்பிட்டா, வழக்கமா ஜூலை ஆகஸ்ட்ல, மதகைத் திறந்துவிடுவாங்க. ஹம்பில ஒரு சொட்டு மழை இல்லாம வெயில் அடிச்சிட்டிருக்கும், ஆனா ஆறு கரை புரளும், வெளியூர்க்காரங்க ஏமாறுறது இங்கதான். 2024 ஆகஸ்ட் 10 ராத்திரி 19ம் நம்பர் மதகு சங்கிலி அறுந்து அடிச்சிட்டே போயிடுச்சு, நியூஸ்ல பாத்திருப்பீங்க. அந்த வாரம் ஆனெகுந்திக்கு டூர் போட்டவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

அதனால சாரல்மழை, ரூம் புக் பண்றதுக்கு முன்னால அணை நீர்மட்டத்தையும் எவ்ளோ தண்ணி வெளிய விடுறாங்கங்கிறதயும் பாருங்க, துங்கபத்ரா போர்டு தினமும் கணக்கு போடுது, பேப்பர்லயும் வரும். ஆகஸ்ட்னா பரிசல், பிருந்தாவனம், 64 கால் மண்டபம் மூணுமே கிடைக்காமப் போக நிறைய வாய்ப்பு. நவம்பர்லேருந்து பிப்ரவரிக்குள்ள போனா எல்லாம் கிடைக்கும்.

இன்னொரு சமாச்சாரம், என் பேரு ஏன் இதுன்னு கேக்குறவங்களுக்கு. அணைக்குக் கீழ முத்லாபூர்லேருந்து கம்பிலி வரைக்கும் 34 கிலோமீட்டர் ஆத்தை 2015ல நீர்நாய் காப்பகமா அறிவிச்சாங்க, இந்தியாவுலயே நீர்நாய்க்குன்னு முதல் காப்பகம். ஆனெகுந்தி அதுக்குள்ளதான் வருது. விடிகாலைல பாறை இடுக்குல சத்தம் போடாம உக்காந்தா கும்பலா வந்து மீன் புடிக்கிறதைப் பாக்கலாம். வெடி போட்டு மீன் புடிக்கிறவங்களாலயும் மணல் அள்ளுறவங்களாலயும் அதுங்க பாடு திண்டாட்டம். அதே ஆத்துல முதலையும் இருக்கு. கால் நனைக்கிறேன்னு எங்க வேணா இறங்காதீங்க, பையனைக் கையை விடாதீங்க.

சாரல்_மழை:
ஐயோ, முதலையா! நல்லவேளை கேட்டேன். ஆகஸ்ட் திட்டத்தை அநேகமா மாத்திடுவோம். ஆனா ஒண்ணு புரியல, ஹம்பிலேருந்து கண்ணுக்குத் தெரியிற தூரத்துல இருக்கிற ஊருக்கு ஏன் பாலம் இல்ல? மேப்ல பாத்தா ஏதோ சுத்திப் போகுது.

கல்லுளிமங்கன்:
அது பெரிய கதை. விஜயநகர காலத்துலயே கல்தூண் நட்டுப் பாலம் இருந்திருக்கு, விட்டல கோயில் பக்கம் புரந்தர மண்டபத்துக்கிட்ட ஆத்துக்குள்ள வரிசையா அந்தத் தூண் இப்பவும் நிக்குது. நம்ம காலத்துல ஹம்பி கரைல இருக்கிற தளவார கட்டத்துக்கும் ஆனெகுந்திக்கும் நடுவுல புதுசா ஒரு பாலம் ஆரம்பிச்சாங்க. நினைவுச் சின்னங்களுக்கு இவ்ளோ கிட்ட இப்படி ஒரு வேலையான்னு யுனெஸ்கோ 1999ல ஹம்பியை ஆபத்துல இருக்கிற பாரம்பரியச் சின்னம்னு பட்டியல்ல போட்டுட்டான். பல வருஷம் வேலை நின்னு, 2006ல பட்டியல்லேருந்து எடுத்து, திரும்ப வேலை ஆரம்பிச்சு, 2009 ஜனவரில கட்டிட்டிருக்கும்போதே பாலம் இடிஞ்சு விழுந்து வேலை பாத்தவங்க செத்துப் போனாங்க. இப்ப கொஞ்சம் கீழ்ப்பக்கமா புக்கசாகரம் கடேபாகிலு நடுவுல பாலம் வந்துடுச்சு, காரு அதுல போகும்.

ஊர்க்காரங்க கோணத்துலயும் பாருங்க. ஆஸ்பத்திரி காலேஜுன்னு அக்கரைக்குப் போகணும்னா வெள்ளம் வந்தா அவ்ளோதான். நாம வந்து ஆஹா பரிசல்னு போட்டோ எடுக்குறோம், அவங்களுக்கு அது வேற வழியில்லாம ஏறினது. பாரம்பரியமா பாலமான்னு கேட்டா நான் பாலம்னுதான் சொல்லுவேன், ஆனா அந்த இடத்துல இல்ல.

கோவை_புல்லட்:
பைக்கையே படகுல ஏத்தி அக்கரைக்கு கொண்டு போனேனுங்க, தண்ணி கொஞ்சம் வடிஞ்ச பிறகு. நாலு ஆளு, ரெண்டு வண்டி, ஒரு ஆட்டுக்குட்டி.

கல்லுளிமங்கன்:
புல்லட், பயஸ் எழுதினதும் அதேதான்! வட்டமா கூடை மாதிரி படகு, உள்ள பிரம்பு, வெளில தோலு, பதினஞ்சு இருபது பேர் போவாங்க, தேவைன்னா குதிரையும் மாடும் கூட ஏத்துவாங்கன்னு எழுதியிருக்கார். கன்னடத்துல அரிகோலும்பாங்க. நம்ம ஒகேனக்கல் பரிசல்தான். இப்ப தோலுக்குப் பதிலா பிளாஸ்டிக் சாக்கும் தாரும், மத்தபடி 500 வருஷமா அதே டிசைன்.

பாறைப்பல்லி:
தம்பிக்கு நான் பதில் சொல்றேன், நானும் பெங்களூர் கூட்டம்தான். பௌல்டரிங், அதாவது கயிறு கட்டாம சின்னப் பாறை ஏறுறது, அதுக்கு இந்தியாவுல இதைவிட பெரிய இடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, கிரானைட் பாறை, மணல்தாள் மாதிரி சொரசொரப்பு, முதல் நாளே விரல் தோல் உரிஞ்சுடும், டேப் எடுத்துட்டு வரச்சொல்லுங்க. நவம்பர்லேருந்து பிப்ரவரி ஆரம்பம் வரைக்கும்தான் சீசன், அதுலயும் விடிஞ்சதுலேருந்து ஒரு பத்து மணி வரை, அப்புறம் சாயங்காலம் நாலுக்கு மேல. நடுவுல பாறை கொதிக்கும், கை வழுக்கும். சனாபூர் பக்கமும் ரிஷிமுக மேட்டுலயும்தான் கூட்டம் இருக்கும். கிராஷ் பேட், அதாவது விழுந்தா தாங்குற மெத்தை, வாடகைக்கு கிடைக்கும், ஷூ கிடைச்சாலும் சைஸ் அமையாது, சொந்தமா எடுத்துட்டு வர்றது நல்லது. தனியா ஏறக்கூடாது, கீழ புடிக்க ஆள் வேணும், உள்ளூர்ல கத்துக் கொடுக்கிற பசங்க இருக்காங்க, அவங்களோட போனா எந்தப் பாறை உளுத்துப் போனது எங்க தேன்கூடு இருக்குன்னு சொல்லிடுவாங்க. தேன்கூடு விஷயத்தை விளையாட்டா எடுத்துக்காதீங்க.

ஒரு முக்கியமான விஷயம். எல்லாப் பாறையும் ஏறுறதுக்கு இல்ல. ஆனெகுந்தி பக்கத்துல ஒனகெ கிண்டின்னு ஒரு இடத்துல கற்கால ஓவியம் இருக்கு, செங்காவி கலர்ல மனுஷன் மாடுன்னு. அந்த மாதிரி பாறைல, வழுக்காம இருக்க நாங்க பூசிக்கிற சாக் பவுடர் கையோட தொத்துறது ஓவியத்தை அழிக்கிறதுக்கு சமம். மண்டபம், கோட்டைச் சுவர் மேல ஏறினா கேஸே போடுவாங்க, போடணும். இந்த ரிசார்ட் கோஷ்டிங்க பாறை மேல ஸ்பீக்கரை வெச்சு பாட்டுப் போடுறானுங்க, அதுக்கும் கேஸ் போட்டா சந்தோஷப்படுவேன்.

மதுரக்காரன்_77:
ரிசார்ட்டெல்லாம் இடிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே?

பாறைப்பல்லி:
அது விருபாபுர கட்டி, ஹிப்பி தீவுன்னு சொல்லுவாங்கல்ல, ஹம்பிக்கு நேர் எதிர்ல. 2020 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து மார்ச்ல இடிச்சாங்க. அந்தக் கூட்டம் அப்படியே சனாபூர் பக்கம் தள்ளி வந்துடுச்சு. ஆனெகுந்தி ஊருக்குள்ள இருக்கிறது வேற ரகம், பழைய ஓட்டு வீட்டைச் சரி பண்ணி வாடகைக்கு விடுறாங்க. கிஷ்கிந்தா டிரஸ்ட்னு ஒண்ணு 1990கள்லேருந்து அங்க வேலை செய்யுது, பழைய வீட்டைக் காப்பாத்துறது, பெண்களுக்கு வாழைநார்ல பை கூடை பின்னக் கத்துக் கொடுத்து விக்கிறதுன்னு. வாழை வெட்டினதும் தூக்கிப் போடுற மட்டைதான், அதைக் காயவெச்சுத் திரிச்சு கயிறாக்கி பின்னுறாங்க. சாரல்மழை அக்கா, காலைல காப்பி குடிச்சுட்டு உக்காரணும்னீங்களே, அதுக்கு ஊருக்குள்ள தங்குங்க. சனாபூர்ல தங்கினா காப்பிக்குப் பதிலா டிஜே.

ஒத்தையடி_பாதை:
நான் பெரும்பாலும் தனியா போற பொண்ணு. யாரும் பேசலைன்னா நான் பேசிடறேன். 2025 மார்ச்ல சனாபூர் கால்வாய்க்கரைல ராத்திரி நட்சத்திரம் பாக்க உக்காந்திருந்தவங்க மேல நடந்த கொடுமை எல்லாருக்கும் தெரியும், பெண்களை நாசம் பண்ணி, கூட இருந்த ஆண்களைக் கால்வாயில தள்ளி, ஒருத்தர் உயிரே போச்சு. அதுக்கு முந்தின மாசம் பாறை மேலேருந்து ஆத்துல குதிச்ச ஒரு டாக்டர் பொண்ணு சுழல்ல போயிட்டா. ரெண்டும் வேற வேற விஷயம், ஆனா ரெண்டுக்கும் பிறகு ஊரே பொல்லாத ஊருன்னு எழுதினவங்களும் உண்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி ரீல்ஸ் போடுறவங்களும் உண்டு.

நான் அதுக்கப்புறமும் போனேன். ஊருக்குள்ள, ரங்கநாதர் கோயில் தெருவுல, திண்ணைல பாட்டிங்க உக்காந்திருக்கிற இடத்துல எனக்கு ஒரு பயமும் இல்ல. இருட்டினா ஊரை விட்டு வெளிய போறதில்லைன்னு வெச்சுக்கிட்டேன். கால்வாய், ஏரி, பாறை இதுங்க பக்கம் விளக்கு கிடையாது, போன் சிக்னலும் விட்டு விட்டுதான். சூரியன் மறையறதைப் பாத்துட்டு உடனே கிளம்பிடணும், நட்சத்திரத்தை மொட்டை மாடியிலேருந்தே பாருங்க, அங்கயே நல்லா தெரியும். தம்பிகிட்ட சொல்லுங்க, பாறைலேருந்து தண்ணில குதிக்கிறது வேண்டவே வேண்டாம். மேல பாத்தா அமைதியா தெரியும், கீழ பாறையும் சுழலும். லைஃப் ஜாக்கெட் இல்லாத பரிசல்ல பையனை ஏத்தாதீங்க, நடு ஆத்துல போய் கிறுகிறுன்னு சுத்திக் காட்டுவாங்க, வேணாம்னா முன்னாலயே சொல்லிடணும்.

நீர்நாய்:
ஒத்தையடி சொன்னதுல ஒவ்வொண்ணும் சரி. நானும் விடிகாலைல ஆத்தங்கரைக்குப் போறப்ப உள்ளூர் ஆளைக் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்.

தயிர்சாதம்:
எல்லாரும் ஏறுறீங்க இறங்குறீங்க, சாப்பாடு யாருமே சொல்லல. வடகர்நாடகாங்க அது, நம்ம சாம்பார் ருசியைத் தேடாதீங்க. சோள ரொட்டி, எண்ணெய்க் கத்திரிக்காய், வேர்க்கடலைப் பொடி, கெட்டித்தயிர், பச்சை வெங்காயம். ரொட்டி சூடா இருக்கும்போதே திங்கணும், ஆறினா முறுக்கு ஆயிடும். சாயங்காலம் ரோட்டோரத்துல மண்டக்கி ஒக்கரணை, அதாவது பொரியை நனைச்சுத் தாளிச்சது, கூட மிளகாய் பஜ்ஜி. அந்த பஜ்ஜி மிளகாய் சாதுவா இருக்கும்னு நினைச்சு பையனுக்குக் கொடுத்துடாதீங்க. மடத்துல பிருந்தாவன தரிசனத்துக்கு வர்றவங்களுக்கு சாப்பாடு உண்டுன்னு கேள்வி, மாமிதான் சொல்லணும்.

மந்த்ராலய_மாமி:
உண்டு, ஆனா முன்னாலயே மடத்துல சொல்லி வெச்சுடுங்கோ, போய் நின்னுண்டு கேட்டா அவாளுக்கும் சிரமம்.

சாரல்_மழை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பதில் வரும்னு நினைக்கல. வீட்ல உக்காந்து பேசினோம். ஆகஸ்ட் வேண்டாம், ஜனவரி கடைசின்னு முடிவு. அத்தைகிட்ட ஆகஸ்ட்ல தீவுக்குப் படகே ஓடாதுன்னு சொன்னதும் அவங்களே சரின்னுட்டாங்க. ஆனெகுந்தி ஊருக்குள்ளதான் தங்கப்போறோம், ஹம்பிக்கு அங்கேருந்து போய்ட்டு வர்றோம், தலைகீழா. ட்ரெயினுக்கு என்ன வழி? சென்னைலேருந்து நேரா இருக்கா, பெங்களூர் போய் மாறணுமா?

கோவை_புல்லட்:
அட, கடைசில என் பச்சை வயலை யாரும் மதிக்கலீங்களா. ஜனவரில எப்படி இருக்கும்னு அணைத் தண்ணியைப் பொறுத்துங்க, ரெண்டாம் போகத்துக்கு கால்வாய்ல விட்டிருந்தா அப்பவும் பச்சைதான்.

கல்லுளிமங்கன்:
தம்பி பெங்களூர்ல இருக்கான்னா எல்லாரும் பெங்களூர் போய் ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடிச்சிடுங்க, காலைல ஹோஸ்பேட். சென்னைலேருந்து பம்பாய் லைன்ல குண்டக்கல் போய் அங்க மாறியும் வரலாம், ஆனா அத்தையை வெச்சுக்கிட்டு நேரங்கெட்ட நேரத்துல பிளாட்பாரம் மாறணும், வேண்டாம். ஹோஸ்பேட்ல இறங்கி கார் பேசும்போதே ஆனெகுந்தின்னு சொல்லி, கடேபாகிலு பாலம் வழியான்னு கேட்டுக்கோங்க. சிலபேர் ஹம்பி கரைல இறக்கிவிட்டு படகுல போங்கன்னுடுவாங்க, பெட்டி படுக்கையோட பெரியவங்களை வெச்சுக்கிட்டு சரிப்படாது.

நேரம் மிச்சம் இருந்தா கங்காவதி பக்கம் ஹிரே பெணகல் போங்க. பெருங்கற்காலத்துக் கல்லறை, பலகைக்கல்லை வீடு மாதிரி நிறுத்தி வெச்சது, ஒரு மலை முழுக்க நூத்துக்கணக்கில. விஜயநகரமே அதுக்கு முன்னால நேத்துப் பொறந்தது. மேல ஒரு பாறை இருக்கு, கல்லால தட்டினா முரசு மாதிரி முழங்கும், ஊருக்கே கேக்குமாம். பையனுக்கு புடிக்கும். ஏத்தம் கொஞ்சம் இருக்கு, நிழல் இல்ல, வழி தெரிஞ்ச ஆளோட காலைலயே போயிடுங்க. அத்தை அன்னிக்கு ரூம்லயே இருக்கட்டும்.

பாறைப்பல்லி:
ஜனவரி கடைசி தம்பிக்கும் சரியான நேரம். குடியரசு தின லீவுல மட்டும் மாட்டிக்காதீங்க, பாதி பெங்களூர் அங்கதான் இருக்கும். டிசம்பர்ல போறவங்க யாராச்சும் இதைப் படிச்சா, அனுமாருக்கு மாலை போட்டு விரதம் இருந்தவங்க வந்து மாலை இறக்குற சமயத்துல அஞ்சனாத்ரில கால் வைக்க இடம் இருக்காது, அதையும் பாத்துக்கோங்க.

சாரல்_மழை:
சரி, ட்ரெயின் டிக்கெட் ரெண்டு மாசத்துக்கு முன்னாலதானே திறக்கும், அதுக்குள்ள தேதியை முடிவு பண்ணிடறேன். மாமி, பிருந்தாவனத்துக்கு எந்த நாள் நல்லதுன்னு அத்தை கேக்கச் சொன்னாங்க.

மந்த்ராலய_மாமி:
வியாழக்கிழமைனா விசேஷம், ஆனா கூட்டம். புதன் காலைல முதல் படகுல போனா நிம்மதியா சேவிக்கலாம். தை அமாவாசை புரந்தரதாசர் ஆராதனை, அது ஜனவரி கடைசிலயோ பிப்ரவரிலயோ வரும், ஹம்பி பக்கம் அன்னிக்கு ஜேஜேன்னு இருக்கும், பாட்டுக் கேக்கணும்னா அதை ஒட்டி வெச்சுக்கோங்கோ. ஏகாதசி அன்னிக்கு வேண்டாம், சாப்பாட்டுப் பிரசாதம் இருக்காது. தீவுல படகை விட்டு இறங்கி பாறையும் மணலுமா கொஞ்சம் நடக்கணும், அத்தைக்கு ஒரு கைத்தடி எடுத்துக்கோங்கோ, உங்க தம்பியை அன்னிக்கு ஒரு காலைப்பொழுது பாறையை விட்டுட்டு கூட வரச்சொல்லுங்கோ.

சாரல்_மழை:
சொல்லிட்டேன் மாமி. சாயங்காலம் நாலு மணிக்கு மேல பாறைக்கு விட்டா சரின்னு ஒத்துக்கிட்டான்.